தக்காளிப் பூவுக்குக் கேட்ட சத்தம்

கொழுந்தனார் அந்தக் கறுப்பு ஸ்பீக்கரை வலைக்குடிலின் நடுக்கம்பத்தில் கட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். நாங்கள் மூன்று பேரும் கீழே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். என் கணவர், மாமியார், நான். தக்காளிச் செடிக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்பதுதான் அன்றைய பேச்சு.

"காலங்காத்தால சினிமாப் பாட்டு போட்றாதடா. சாமி பாட்டு போடு. செடியும் ஒரு உசுருதான?" என்றார் மாமியார்.

"சாமி பாட்டு கொஞ்ச நேரம் போடறேன்மா. அப்புறம் மெலடி. மெலடிக்குத்தான் காய் நல்லா புடிக்குதுன்னு வீடியோல சொன்னாங்க" என்றார் கொழுந்தனார்.

"எதையோ ஒண்ணப் போடு. பூ நின்னா செரி" என்றார் என் கணவர்.

மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துத்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன். எனக்குக் காது கேட்காது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வலது காதை முழுதாகவும் இடது காதில் பெரும்பகுதியையும் கொண்டுபோய்விட்டது. இடது காதுக்கு மிஷின் உண்டு. அதைப் போட்டால் சத்தம் வரும், சொல் வராது. வெல்லம் காய்ச்சும் கொப்பரை கொதிப்பதுபோல ஒரு கலங்கல், அவ்வளவுதான். ஆனால் காய்ச்சலுக்கு முன்பே நான் பேசக் கற்றிருந்தேன், வாசிக்கவும் கற்றிருந்தேன். மீதியை உதடுகளைப் பார்த்துப் படித்துக்கொண்டேன். கடத்தூர்ப் பக்கம் என் பிறந்த ஊரில் பிள்ளைகள் என்னைச் செவிடி என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டது கேட்கவில்லை. உதட்டில் பார்த்தேன்.

கல்யாணமாகி பாலக்கோட்டுப் பக்கம் வந்த புதிதில் என் கணவருக்கு அடர்ந்த மீசை. மேல் உதடே தெரியாது. அவர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் ஒரு வாரம் சும்மா தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாள் தைரியமாகச் சொல்லிவிட்டேன். "ஏங்க, உங்க மீசை பேசறது எனக்குப் புரியல." அவர் அன்று மத்தியானமே பாலக்கோட்டுக்குப் போய் டிரிம்மர் ஒன்று வாங்கி வந்து மீசையை உதட்டுக்கு மேலே நிறுத்திக்கொண்டார். இன்றுவரை அப்படித்தான் வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். பேசுவதை என் முகத்துக்கு நேராகப் பேசுவார்.

ஸ்பீக்கர் கட்டும் நிலைமை ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தக்காளி போடாத வீடு இல்லை. ஆனால் இரண்டு போகம் தொடர்ந்து இலைச்சுருட்டை நோய் வந்து செடியெல்லாம் குட்டையாக நின்றுவிட்டது. வெள்ளை ஈதான் அந்த நோயைக் கொண்டுவருகிறது. மருந்தடித்தால் ஈ பக்கத்துக் காட்டுக்குப் போகும், மருந்து வாசனை போனதும் திரும்பி வரும். ஈயே நுழையாத அளவுக்குப் பொடிக் கண் வலையைச் சுற்றிலும் கட்டி உள்ளே செடி வைத்தால் தப்பிக்கலாம் என்று சொன்னார்கள். கொழுந்தனார்தான் ஓடியாடி அந்த வேலையை முடித்தார். நெட் ஹவுஸ் என்று ஊரில் எல்லாரும் சொல்வது அதைத்தான்.

செடி என்னமோ பிரமாதமாக வந்தது. நூலில் கட்டி ஏற்றிவிட்டதில் ஆள் உயரத்தைத் தாண்டிப் போனது. இலையில் ஒரு சுருக்கம் கிடையாது. கொத்துக் கொத்தாகப் பூத்தது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பிறகு அந்தப் பூக்களின் காம்பில் இருக்கிற சின்ன முடிச்சு மஞ்சளாகும். தொட்டால் கழன்று கையோடு வரும். காலையில் கதவைத் திறந்தால் பாத்தி நடுவே நடக்கிற தடமெல்லாம் பூ. தங்கின ஒன்றிரண்டு காயும் கோணலாக, அறுத்தால் உள்ளே கூடாக, விதை இல்லாமல் இருந்தது. மருந்துக்கடையில் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். தெளித்தோம். காய் வரவில்லை, இலை மட்டும் இன்னும் பெரிதானது.

அப்போதுதான் கொழுந்தனார் அந்த வீடியோவைப் பார்த்தார். எங்கோ யாரோ பாட்டுப் போட்டுச் செடி வளர்க்கிறார்களாம். செடிக்குச் சத்தம் தெரியுமாம்.

ஆக, எங்கள் வலைக்குடில் பாட ஆரம்பித்தது. காலையில் சாமி பாட்டு, வெயில் ஏறினதும் பழைய மெலடி, சாயங்காலம் நாதஸ்வரம். ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "என்னங்க, தக்காளிக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்கள். கேட்டதைக் கொழுந்தனார் என்னிடம் சொல்லிச் சிரித்தார். மாமியாருக்கு மட்டும் ஏக சந்தோஷம். வீட்டு வேலை முடிந்ததும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாளம் போட்டபடி பக்கக் கிளை கிள்ளிக்கொண்டிருப்பார்.

எனக்குப் பாட்டு வராது. ஆனால் கை வரும். காது போன பிறகு நான் உலகத்தைப் பாதி கையால்தான் கேட்கிறேன். கிணற்று மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறதா, வெறும் காற்றை இழுக்கிறதா என்பதைக் குழாயில் உள்ளங்கையை வைத்துச் சொல்லிவிடுவேன். மிக்ஸியில் மிளகாய் மசிந்துவிட்டதா என்பது அதன் மூடியைப் பிடித்திருக்கும் விரலுக்குத் தெரியும். வாசலில் பைக் வந்து நிற்பது கதவு நிலையில் தெரியும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தேவைப்பட்டது, வந்தது.

அதனால் ஒரு நாள் ஏணி போட்டு ஏறி ஸ்பீக்கரின் முகத்தில் கை வைத்துப் பார்த்தேன். நன்றாகவே உதறியது. இறங்கி வந்து பக்கத்துச் செடியின் தண்டைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. இலையை இரண்டு விரலுக்கிடையில் வைத்துப் பார்த்தேன். மேளச் சத்தம் வரும்போது மட்டும் லேசாக ஏதோ இருந்தது போலிருந்தது. பூங்கொத்தின் காம்பைப் பிடித்தேன். அங்கே சுத்தமாக ஒன்றுமில்லை.

"செடி வரைக்கும் பாட்டு வந்து சேரல" என்றேன் கொழுந்தனாரிடம்.

அவர் சிரித்தார். "அண்ணி, அது உங்களுக்குக் கேக்கலீங்க. செடிக்குக் கேக்கும்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கை சொன்னதை நான் நம்பினேன். பூ கொட்டிக்கொண்டேதான் இருந்தது.

வலைக்குடிலுக்கு வெளியே வேலியோரமாக வீட்டுக்கென்று ஒரு வரிசை கத்தரி வைத்திருந்தோம். வெயில் ஏறுகிற நேரம் ஒன்றில் குழம்புக்குக் காய் பறிக்கப் போனேன். இடது கையில் கிளையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் காயைத் திருகப் போனேன். பிடித்திருந்த கிளையில் திடீரென்று ஒரு நடுக்கம். குட்டியாக, வேகமாக. நின்றது. மறுபடியும் வந்தது. மறுபடி நின்றது.

ஏதோ மின்சாரக் கம்பி தொட்டுவிட்டதோ என்று கிளையை விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் கிளை நுனியில் ஊதாப் பூவைத் தலைகீழாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு தேனீ. கூட்டுத் தேனீ இல்லை. கொஞ்சம் பருமன், வயிற்றில் நீலக் கோடு கோடாகப் போட்டிருக்கும். அது பூவின் நடுவே இருக்கிற மஞ்சள் கூம்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், உடம்பை மட்டும் உதறியது. உதறும்போதெல்லாம் கூம்பின் நுனியிலிருந்து மஞ்சள் பொடி அதன் வயிற்றில் கொட்டியது. அடுத்த பூவுக்குப் போனது. அங்கேயும் அதே.

நான் மெதுவாகக் கிளையை மறுபடி பிடித்துக்கொண்டேன். என் விரலுக்குத் தெரிந்த எந்த நடுக்கமும் அது இல்லை. மோட்டார் தடதடக்கும், மிக்ஸி குடையும், பஸ் உலுக்கும். இது மெல்லிய கம்பி ஒன்று இழுத்துக்கட்டித் தட்டியது மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. மாமியார் வந்து தோளைத் தொட்டார்.

"காய் பறிக்கப் போனவ கல்லாட்டம் நிக்கிறியே, என்னம்மா?"

"அத்தை, இந்தக் கெளையப் புடிச்சுப் பாருங்க."

பிடித்தார். தேனீ ஒரு உதறு உதறியது. மாமியார் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "அய்ய, என்னமோ சிலுக்குது!" என்றவர், தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கவனித்துவிட்டு, "சத்தம் வேற போடுது. பறக்கறப்ப ஒரு சத்தம், பூவுல உக்காந்தா வேற சத்தம். கீச்சுனு" என்றார்.

அந்த இரண்டாவது சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கையில் பிடித்திருந்தேன்.

கத்தரிக்காயை அங்கேயே போட்டுவிட்டு வலைக்குடிலுக்குள் போனேன். ஒரு தக்காளிப் பூவைப் பறித்து நகத்தால் பிளந்தேன். கத்தரிப் பூ மாதிரியேதான். அதே கூம்பு, அதே அடைப்பு. உள்ளே பொடி நிறைய இருந்தது. வெளியே வர வழியில்லாமல் இருந்தது. வெளிக்காட்டில் என்றால் காற்று ஆட்டும், இந்த மாதிரித் தேனீ வந்து உதறும். நாங்கள் வெள்ளை ஈ வராமல் இருக்கக் கட்டின வலை காற்றையும் பாதி தடுத்துவிட்டது, தேனீயை முழுதாகவே தடுத்துவிட்டது. பூ காத்திருந்து காத்திருந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப தேனீய உள்ள வுடணும்ங்கறியா? வலையத் தொறந்தா ஈயும்ல வந்துடும்?"

"தேனீ வேணாம்ங்க. அது பண்றத நம்ம பண்ணுவோம்."

"எப்படி?"

எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. முதலில் குச்சியால் கொத்தைத் தட்டிப் பார்த்தேன். பொடி கொஞ்சம்தான் வந்தது, பூவே சில ஒடிந்து விழுந்தது. கட்டியிருந்த நூலைப் பிடித்து உலுக்கினேன். இலை ஆடியது, பூ கூம்பை மூடிக்கொண்டு சும்மா இருந்தது. அடுத்ததாக என் போன் ஞாபகம் வந்தது. எனக்கு யார் கூப்பிட்டாலும் போன் அதிர்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். கொழுந்தனாரை வெளியே நிற்க வைத்து, "நான் போதும்ங்கற வரைக்கும் போன் பண்ணிக்கிட்டே இருங்க" என்றேன். உள்ளே வந்து அதிரும் போனைப் பூக்காம்பில் ஒட்ட வைத்தேன். அந்த வழியாகப் போன ஒருவர், "யாருக்குப்பா போன் போட்டுக்கிட்டே கீற?" என்று கேட்க, இவர் "தக்காளிக்கு" என்றாராம். போனில் சில துகள் உதிர்ந்தது. ஆனால் அந்த அதிர்வு தடித்தது, மந்தமானது. என் விரலுக்கே அது பொய் என்று தெரிந்தது. தேனீயுடையது இன்னும் நுணுக்கம், இன்னும் வேகம்.

மறுநாள் காலையில் கணவர் கண்ணாடி முன் நின்று மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தார். காபி டம்ளரைக் கொடுக்கப் போனபோது அவர் தோளில் என் கை பட்டது. டிரிம்மர் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கையிலிருந்து அதை வாங்கினேன். அதன் பின்பக்கத்தை விரல் நுனியில் வைத்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கத்தரிக் கிளையில் நின்றது மாதிரியே இருந்தது. அச்சு அசலாக என்று சொல்லமாட்டேன். ஆனால் கிட்டத்தில் இருந்தது.

"மீசை பாதியில நிக்குது" என்றார் அவர்.

"வந்து தர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வலைக்குடிலில் கிழக்குப் பக்கத்து முதல் செடி. கொத்துக்குக் கொஞ்சம் பின்னால் காம்பில் டிரிம்மரின் முதுகை வைத்து, பூவுக்குக் கீழே என் இடது உள்ளங்கையை ஏந்தினேன். பட்டனை அழுத்தினேன். பொடி கொட்டியது. உண்மையாகவே கொட்டியது. வெயில் வலை வழியாகச் சாய்வாக விழுந்துகொண்டிருந்ததால், அந்தப் பொடி புகை மாதிரி சுழன்று இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. என் உள்ளங்கை ரேகையெல்லாம் மஞ்சள். யாரும் பக்கத்தில் இல்லை. நான் சத்தமாகச் சிரித்தேன் போலிருக்கிறது, ஏனென்றால் அந்தக் கோடியில் மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

அதற்கப்புறம் டிரிம்மர் என்னுடையதாகிவிட்டது. மாமியார் பின்னி மிச்சம் வைத்திருந்த சிவப்பு உல்லன் நூலைத் துண்டு துண்டாக வெட்டி, டிரிம்மர் வைத்த கொத்தில் எல்லாம் கட்டினேன். பாதிச் செடிகளுக்கு மட்டும் செய்தேன், மீதியை அப்படியே விட்டேன். கண்ணால் பார்த்து ஒப்பிட்டால்தான் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், நானும் ஒப்புக்கொள்வேன். காலைப் பனி உலர்ந்த பிறகு, உச்சி வெயிலுக்கு முன்னால் செய்தால்தான் பொடி நன்றாக வருகிறது என்பதும் பழக்கத்தில் தெரிந்தது. ஈரமாக இருந்தால் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. அதியமான்கோட்டையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். காலையில் எல்லாரும் கிளம்பி நிற்கிறோம். கணவர் டிரிம்மரை எடுத்து முகத்தில் வைத்தார். அது ஒரு கன்னத்தை முடித்ததோடு சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. கரண்டும் இல்லை. ஒரு பக்கம் வழவழ, ஒரு பக்கம் முள். டிரிம்மரின் பல்லிடுக்கில் மஞ்சள் பொடி வேறு.

"என்னா நீ, தக்காளிக்கு முகச்சவரம் பண்ணிட்டு எனக்குப் பாதிய வெச்சிருக்க?" என்றார்.

மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கணவர் அதே முகத்தோடு கல்யாணத்துக்கு வந்தார். யார் கேட்டாலும் முள் இருந்த கன்னத்தைத் தடவிக்கொண்டே, "வூட்ல ஒரு ஆராய்ச்சி நடக்குது" என்று மட்டும் சொன்னார். நான் தள்ளி உட்கார்ந்து அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் முடிந்து திரும்பிய சில நாளில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. சிவப்பு நூல் கட்டின கொத்துகளில் இதழ் வாடிப் பின்னுக்குப் போனது, ஆனால் காம்பு முடிச்சு பச்சையாகவே இருந்தது. வாடின இதழுக்குள்ளிருந்து மிளகு மாதிரி ஒரு பச்சை மணி எட்டிப் பார்த்தது. அடுத்த பூவிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். நூல் கட்டாத கொத்துகள் முன்போலவே கொட்டிக்கொண்டிருந்தன. கணவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் வரிசை நெடுக நடந்தார். ஒவ்வொரு சிவப்பு நூலையும் குனிந்து குனிந்து பார்த்தார். கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்து என் எதிரே நின்றார்.

"அந்தப் பாதிக்கும் பண்ணிடு" என்றார். பிறகு, "இல்ல. எனக்கும் சொல்லிக் குடு. ரெண்டு பேரும் பண்ணலாம்."

அன்று சாயங்காலமே தர்மபுரிக்குப் போய் பேட்டரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ் இரண்டு வாங்கி வந்தார். டிரிம்மரைவிட அது கைக்கு அடக்கமாக இருந்தது. கொழுந்தனார் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கரைக் கழற்றப் போனார். மாமியார் குறுக்கே நின்றுகொண்டார். "செடிக்கு வேணாட்டி போவுது. எனக்கு வேணும்." அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

காய்கள் பெருத்துவரும்போது தோட்டக்கலைத் துறையிலிருந்து ஒரு பெண் அலுவலர் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். வலைக்குடில் எப்படி இருக்கிறது என்று வழக்கமாகப் பார்க்க வந்தவர், நான் பிரஷ்ஷோடு நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் முகத்தை என் பக்கம் திருப்பி, நிதானமாகப் பேசினார்.

"இத யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. தேனீதான்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு எல்லாம் விளக்கினார். தக்காளி, கத்தரி மாதிரிச் செடிகளில் மகரந்தம் அடைத்த குழாய்க்குள் இருக்கிறதாம். சரியான அதிர்வு கிடைத்தால்தான் நுனித் துளை வழியாக வெளியே விடுமாம். எல்லாத் தேனீக்கும் அந்த வித்தை தெரியாதாம். சில வெளிநாடுகளில் இதற்கென்றே ஒரு ஜாதி வண்டை வளர்த்துக் குடிலுக்குள் விடுகிறார்களாம், கையால் அதிர வைக்கும் கருவியும் உண்டாம். "நாங்க சொல்லி நீங்க செய்யவேண்டியது. எங்களுக்கு முன்னாடியே நீங்க செஞ்சுட்டீங்க" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது.

அவரிடம் நான் நிறையக் கேட்டேன். செடிக்கு உண்மையாகவே சத்தம் தெரியுமா என்றேன். காது என்று ஓர் உறுப்பு கிடையாது, ஆனால் அதிர்வு தெரியும் என்றார். புழு இலையைக் கடிக்கிற அதிர்வைப் பதிவு செய்து செடியில் வைத்துப் பார்த்திருக்கிறார்களாம். புழுவே இல்லாமல் அந்த அதிர்வுக்கே சில செடிகள் எதிர்ப்புச் சத்தைக் கூட்டிக்கொண்டனவாம். காற்றின் அதிர்வுக்கு அப்படிச் செய்யவில்லையாம். தேனீ பறக்கும் சத்தத்துக்குத் தேனை இனிப்பாக்கிக்கொள்ளும் பூவும் இருக்கிறதாம்.

"அப்ப பாட்டு?" என்றேன்.

"பாட்டுக்கு வளருதுன்னு நெறைய பேர் சொல்றாங்க. உறுதியா என்னால சொல்ல முடியாதுங்க" என்றார். பின்னால் நின்ற கொழுந்தனாரின் முகம் விழுந்ததைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. அவர் அந்த ஸ்பீக்கரைக் கட்டியிருக்காவிட்டால் நான் ஒரு நாளும் செடித் தண்டைப் பிடித்துப் பார்த்திருக்கமாட்டேன். அதை அவரிடம் அன்றே சொன்னேன்.

அலுவலர் போன பிறகு வெகுநேரம் நான் வரிசை நடுவே நின்றுகொண்டிருந்தேன். இலையைத் தின்கிற புழுவையும் ஆட்டிப்போகிற காற்றையும் இந்தச் செடிகள் பிரித்து அறிகின்றன. காது இல்லாமல், உடம்பால். எனக்கு அதில் ஆச்சரியமே வரவில்லை. இது எனக்குத் தெரிந்ததுதானே என்றுதான் தோன்றியது. இத்தனை வருஷம் என் கையை நான் இல்லாததற்கு ஒரு மாற்றாக நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது தன்னளவிலேயே ஒரு திறமை என்று நினைத்தேன். பெருமையாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

முதல் பறிப்பை பாலக்கோடு மார்க்கெட்டுக்கு நானும் கூடப் போய்த்தான் இறக்கினேன். கிரேடு என்கிற பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும், டிராக்டரும் வேனுமாக நெரியும். அந்த இரைச்சலில் காது கேட்கிறவர்களே ஒருவர் வாயில் ஒருவர் காதை வைத்துத்தான் பேசவேண்டும். வியாபாரி எங்கள் பழம் ஒன்றை எடுத்துக் குறுக்கே அறுத்தார். உள்ளே அறையெல்லாம் விதை நிறைந்து, ஜெல் தளும்பி, வட்டம் வட்டமாக இருந்தது. அவர் என் கணவரிடம் ஏதோ கேட்டார். அவர் முதுகு என் பக்கம் இருந்ததால் கேள்வி எனக்குத் தெரியவில்லை. என் கணவரின் முகம் தெரிந்தது. மீசைக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என் சம்சாரம் வெளைய வெச்சது. அதோ நிக்குறாங்க."

அவர் என்னைப் பற்றி வெளியாளிடம் 'ங்க' போட்டுப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வியாபாரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் கிரேடு ஒன்றைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

அடுத்த போகத்தில் அந்த அலுவலர் ஒரு வேன் நிறையப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் தக்காளி, கத்தரி போடுகிற வீட்டுப் பெண்கள். நான்தான் சொல்லிக் காட்டவேண்டும் என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. என் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல், மூக்கால் வருவதுபோல இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் வீட்டாரைத் தவிர வெளியாட்களிடம் இரண்டு சொல்லுக்கு மேல் நான் பேசினதில்லை.

"நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்றேன்.

"நான் படிச்சதச் சொல்லுவேன். நீங்க புடிச்சுப் பாத்ததச் சொல்லுங்க" என்றார்.

பேசினேன். கொஞ்ச நேரம் எல்லாரும் என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அவர்கள் கண்ணிலேயே தெரிந்தது. பிறகு அந்தக் கண்கள் என் கைக்கு நகர்ந்தன, பூவுக்கு நகர்ந்தன. பொடி கொட்டியபோது முன்வரிசையில் நின்றவர் "அடேயப்பா!" என்றார். ஒவ்வொருவர் விரலையும் பிடித்துக் காம்பில் வைத்தேன். இது அதிகம், இது போதாது, இதுதான் சரி என்று சொன்னேன். வேலியோரக் கத்தரிக்குக் கூட்டிப்போய், சரியாக அந்த நேரம் வந்த நீலக்கோட்டுத் தேனீயையும் காட்டினேன்.

கூட்டத்தில் ஒரு அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். பிறகு என்னிடம் ஏதோ கேட்டார். அவர் உதட்டைப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் இல்லை. காது போன நாளில் இருந்தது மாதிரி ஒரு பயம் வந்தது எனக்கு. அலுவலர் வந்து, "அவங்க எல்லையோரத்து ஊருங்க. வூட்ல கன்னடந்தான். நீங்க தமிழ் உதட்டத்தான படிப்பீங்க" என்றார். அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த அம்மாவின் கையைப் பிடித்துப் பூக்காம்பில் வைத்தேன். பிரஷ்ஷை அவரிடமே கொடுத்தேன். அழுத்தமாக வைத்தார். தலையாட்டி வேண்டாம் என்றேன். லேசாக வைத்தார். பொடி அவர் உள்ளங்கையில் இறங்கியது. அவர் முகம் மலர்ந்து நீளமாக ஏதோ சொன்னார். நான் அலுவலரைப் பார்த்தேன்.

"அவங்க ஊர்லயும் ரெண்டு மூணு பேர் நெட் ஹவுஸ் போட்டுப் பூக் கொட்டி நிக்குதாம். நீங்க வந்து காட்டணும்ங்கறாங்க."

"பாஷை தெரியாதுங்களே" என்றேன்.

அலுவலர் அதை மொழிபெயர்த்தார். அந்த அம்மா பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டி, தன் விரலைக் காட்டி, என் விரலைக் காட்டினார்.

போனேன். கணவர் கூட வருகிறேன் என்றார். வேண்டாம், தோட்டத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, பையில் இரண்டு பிரஷ்ஷும் மாற்று பேட்டரியும் எடுத்துக்கொண்டு, பஸ் மாறி மாறித் தனியாகவே போனேன். அந்த ஊரில் ஒரு வேப்ப மரத்தடியில் பத்திருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களும் இருந்தார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தி, என்னைக் காட்டி அவர்களிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

நான் கும்பிட்டேன். பிறகு செடிப் பக்கம் போய் வேலையை ஆரம்பித்தோம்.